மாட்யூலில் எழுதிய 'இம்ப்ளிசிட் நன்' எதுவரை காக்கும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். காற்றோட்டக் கணக்குக்காக ஒருவர் ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு மாட்யூல் (மற்ற நிரல்கள் 'யூஸ்' என்ற வரியால் எடுத்துக்கொள்ளும் தொகுப்பு) எழுதியிருக்கிறார். மாட்யூலின் தலையில் இம்ப்ளிசிட் நன், அதாவது வகை அறிவிக்காத மாறியை ஏற்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் வரி, இருக்கிறது. ஆனாலும் அதை யூஸ் செய்யும் மெயின் புரோகிராமில் ரெனால்ட்ஸ் எண் (வேகத்தையும் நீளத்தையும் பெருக்கிப் பாகுநிலையால் வகுத்தது) 'என்ஏஎன்', அதாவது 'இது எண்ணே அல்ல', என்று வருகிறது, கம்பைலர் வாயே திறக்கவில்லை. இன்னொன்று: ஒவ்வொரு சப்ரூட்டீனிலும் லூப் மாறியை அறிவிப்பது சலித்துப்போய், ஐ-யை மாட்யூலின் மேலேயே ஒரு தடவை அறிவித்துவிட்டார். இப்போது ஒரு லூப் நிற்காமல் ஓடுகிறது. இம்ப்ளிசிட் நன்னை எங்கெல்லாம் எழுத வேண்டும், சீனியர் ஒருவர் விட்டுப்போன பழைய நிரலை இதே மாட்யூலுக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று கேட்கிறார்.

நிரல் வரிகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் நேரடிப் பதில். மாட்யூலின் தலையில் எழுதிய இம்ப்ளிசிட் நன், அந்த மாட்யூலின் 'கன்டெய்ன்ஸ்' என்ற வரிக்குக் கீழே உள்ள எல்லா சப்ரூட்டீனுக்கும் ஃபங்ஷனுக்கும் பொருந்தும். அவற்றுக்குள் இன்னொரு கன்டெய்ன்ஸ் போட்டு எழுதியவற்றுக்கும் பொருந்தும். அங்கெல்லாம் மறுபடி எழுதத் தேவையில்லை. ஆனால் மாட்யூலை யூஸ் செய்யும் நிரலுக்கு அது போகாது. இன்டர்ஃபேஸ் தொகுதிக்குள் எழுதும் ஃபங்ஷன் வடிவங்களுக்கும் போகாது. சப்மாட்யூலும் (மாட்யூலின் ஒரு பகுதியைப் பிரித்து எழுதுவது) தனி நிரல் அலகுதான், அங்கேயும் தனியாக எழுதிவிடுங்கள். உங்கள் லூப் சிக்கல் இதிலெல்லாம் சேராது. அதை எத்தனை இடத்தில் இம்ப்ளிசிட் நன் எழுதினாலும் பிடிக்க முடியாது. ஏன் என்பதுதான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

'என்ஏஎன்' எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உங்கள் மெயின் புரோகிராம் ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்:

    புரோகிராம் சோதனை
      யூஸ் காற்று
      யூ   = 10.0
      எல்  = 0.5
      நியூ  = 0.000015
      ஆர்ஈ = யூ * எல் / நியூ
      பிரிண்ட் *, ஆர்ஈ
    எண்ட் புரோகிராம் சோதனை

வேகம் நொடிக்கு 10 மீட்டர், நீளம் அரை மீட்டர், காற்றின் இயக்கவியல் பாகுநிலை (பாகுநிலையை அடர்த்தியால் வகுத்தது) 0.000015. விடை 3,33,333 பக்கம் வர வேண்டும். ஆனால் இந்த நிரலில் எந்த மாறிக்கும் வகை சொல்லவில்லை. மாட்யூலின் இம்ப்ளிசிட் நன் இங்கே வராததால் பழைய எழுத்து விதி உயிரோடு இருக்கிறது: 'ஐ', 'ஜே', 'கே', 'எல்', 'எம்', 'என்' ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்கும் பெயர் முழு எண், மற்றவை ரியல், அதாவது பின்னம் ஏற்கும் எண். நீளத்தின் பெயர் எல். 0.5-ஐ முழு எண்ணில் போட்டால் பின்னம் வெட்டுப்பட்டு 0 ஆகும். நியூ 'என்' எழுத்தில் தொடங்குவதால் அதுவும் 0. பிறகு பத்தைச் சுழியால் பெருக்கி, சுழியால் வகுக்கிறீர்கள். சுழி கீழ் சுழி, அதனால் என்ஏஎன்.

இயற்பியல் படித்தவர்கள் இதில் விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. நாம் இயல்பாக வைக்கும் பெயர்களில் பல இந்த ஆறு எழுத்துக்குள் மாட்டுகின்றன: மாஸ், லாம்டா, மியூ, நியூ, கப்பா, லெங்த். எல்லாமே பின்னம் வரக்கூடிய அளவுகள், எல்லாமே அறிவிக்காவிட்டால் முழு எண்கள். மாஸ் 72.4 என்று கொடுத்தால் 72 ஆகிவிடும். உங்களுக்குச் சுழி வந்ததால் என்ஏஎன் என்று அலறியது. 72.4 போய் 72 ஆகியிருந்தால் விடை சற்றே தவறாக, நம்பும்படியாக வந்திருக்கும். எனக்கு அதுதான் பயமே.

இந்த எழுத்து விதியைப் பழித்துவிட்டுப் போவது நியாயமில்லை. 1957-இல் ஐபிஎம் 704 கணினிக்கு ஜான் பேக்கஸ் குழு ஃபோர்ட்ரானைக் கொடுத்தபோது வகையை அறிவிக்கும் வாக்கியமே மொழியில் கிடையாது. பெயரின் முதல் எழுத்துதான் அறிவிப்பு. கணிதத்தில் கீழ்க்குறிகளுக்கு ஐ, ஜே, கே என்று எழுதுவது ஏற்கெனவே வழக்கம், பெயருக்கு ஆறு எழுத்துதான் இடம், ஒவ்வொரு வரியும் ஓர் அட்டை. அந்தச் சூழலில் அது புத்திசாலித்தனமான முடிவு. பிறகு ஃபோர்ட்ரான் நான்கில் இன்டிஜர், ரியல் என்று வெளிப்படையாக அறிவிக்க வழி வந்தது, எழுத்து விதியும் கூடவே தங்கிவிட்டது. ஃபோர்ட்ரான் 77 அந்த விதியை மாற்றிக்கொள்ள இம்ப்ளிசிட் வாக்கியத்தைத் தந்தது, ஆனால் முற்றிலும் அணைக்கும் 'நன்' அதில் இல்லை. 1978-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்டிடி-1753 என்ற தர ஆவணம் அதைக் கூடுதல் வசதியாகக் கேட்டது. ஃபோர்ட்ரான் 90-இல்தான் அது மொழியின் தரத்துக்குள் முறையாக வந்தது. மாட்யூலும் அதே 90-இல்தான் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்ததாலோ என்னவோ, ஒன்று மற்றொன்றைத் தூக்கிக்கொண்டு போகும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது.

போகாது. காரணம், ஃபோர்ட்ரானில் ஒரு பெயர் இன்னோர் இடத்திலிருந்து வருவதற்கு இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வேறு வேறு. ஒன்று, உள்ளே இருப்பது. சப்ரூட்டீன் மாட்யூலுக்குள் குடியிருக்கிறது. அதனால் மாட்யூலின் மாறிகளும் தெரியும், மாட்யூலின் வகை விதியும் பொருந்தும். இரண்டாவது, யூஸ் செய்வது. இது பக்கத்து வீட்டில் பாத்திரம் இரவல் வாங்குவது போல. பாத்திரம் வரும், அந்த வீட்டுச் சமையல் பழக்கம் கூட வராது. மாட்யூல் வெளியே கொடுப்பது பெயர்களை மட்டும்தான்: மாறிகள், மாறிலிகள், வகைகள், சப்ரூட்டீன்கள். 'எழுத்துக்கு எந்த வகை' என்ற அட்டவணை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தனியாக நிற்கும் ஒவ்வொரு நிரல் அலகுக்கும், அதாவது மெயின் புரோகிராம், ஒவ்வொரு மாட்யூல், சப்மாட்யூல், மாட்யூலுக்கு வெளியே தனியாக எழுதிய சப்ரூட்டீன் அனைத்துக்கும், ஒரு இம்ப்ளிசிட் நன் வேண்டும். யூஸ் வரிகள் முதலில், அப்புறம் இம்ப்ளிசிட் நன், அப்புறம் அறிவிப்புகள். வரிசை மாறினால் கம்பைலர் பிழை சொல்லும்.

இன்டர்ஃபேஸ் தொகுதியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மாட்யூலுக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும், ஆனால் உள்ளே இருப்பவர்களின் உரிமை அதற்கு இல்லை. ஒரு ஃபங்ஷனை இன்னொரு ஃபங்ஷனுக்கு வாதமாக அனுப்பும்போது இப்படி எழுதுவோம் (டிபி என்பது இரட்டைத் துல்லியத்துக்கு வைத்த பெயர்):

    மாட்யூல் தொகை
      இம்ப்ளிசிட் நன்
      இன்டிஜர், பாராமீட்டர் :: டிபி = கைண்ட்(1.0டி0)
      அப்ஸ்ட்ராக்ட் இன்டர்ஃபேஸ்
        ஃபங்ஷன் வளைவு(எக்ஸ்)
          ரியல்(டிபி) :: வளைவு, எக்ஸ்
        எண்ட் ஃபங்ஷன்
      எண்ட் இன்டர்ஃபேஸ்

இதைக் கொடுத்தால் ஜிஃபோர்ட்ரான் கம்பைலர், டிபி அறிவிக்கப்படவில்லை அல்லது அது ஒரு மாறி என்ற பொருளில் பிழை சொல்லும். இரண்டு வரி மேலே பாராமீட்டராக அறிவித்திருக்கிறோமே என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். வளைவு என்ற அந்த வடிவம் வெளியிலுள்ள ஏதோ ஒரு ஃபங்ஷனின் முகம். அதனால் அது தான் இருக்கும் மாட்யூலைப் பார்க்காது. டிபி என்ற பெயர் அங்கே புதிதாகத் தெரிகிறது. 'டி' எழுத்தில் தொடங்குவதால் எழுத்து விதிப்படி அது ஒரு ரியல் மாறி, கைண்டுக்கு, அதாவது எவ்வளவு துல்லியம் என்று சொல்லும் இடத்துக்கு, மாறியைக் கொடுக்க முடியாது. அந்தப் பிழைச் செய்தியின் 'அல்லது மாறி' என்ற பகுதி எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

இதற்கு மருந்து ஃபோர்ட்ரான் 2003 தந்த இம்போர்ட் வாக்கியம். ஃபங்ஷன் வரிக்கு அடுத்து 'இம்போர்ட் :: டிபி' என்று எழுதினால் பெயர் உள்ளே வரும். ஆனால் கவனியுங்கள், இம்போர்ட்டும் பெயரைத்தான் கொண்டுவரும், வகை விதியைக் கொண்டுவராது. அதனால் அதற்குக் கீழே 'இம்ப்ளிசிட் நன்' என்று இன்னொரு வரி. எழுதாவிட்டால் என்ன ஆகும்? எக்ஸை அறிவிக்க மறந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். அது சாதாரண ரியல் ஆகிவிடும், உங்கள் உண்மையான ஃபங்ஷன் இரட்டைத் துல்லியத்தை எதிர்பார்க்கும். மேலே பெரிய எழுத்தில் இம்ப்ளிசிட் நன் இருக்கும் மாட்யூலுக்கு நட்டநடுவில் அறிவிக்காத மாறி ஒன்று சட்டப்படி குடியிருக்கலாம் என்பதை நம்பச் சிரமமாக இருக்கும். ஆனால் தரம் அப்படித்தான் சொல்கிறது.

இனி லூப். இதில்தான் என் மனம் அதிகம் நிற்கிறது, ஏனென்றால் நல்ல பழக்கம் உள்ளவர்களும் இதில் விழுகிறார்கள்.

    மாட்யூல் காற்று
      இம்ப்ளிசிட் நன்
      இன்டிஜர் :: ஐ
    கன்டெய்ன்ஸ்
      சப்ரூட்டீன் அனைத்தும்()
        டூ ஐ = 1, 4
          கால் ஒருவரிசை()
        எண்ட் டூ
      எண்ட் சப்ரூட்டீன்
      சப்ரூட்டீன் ஒருவரிசை()
        டூ ஐ = 1, 10
          ...
        எண்ட் டூ
      எண்ட் சப்ரூட்டீன்
    எண்ட் மாட்யூல்

இரண்டு சப்ரூட்டீனிலும் ஐ என்பது ஒரே பெட்டி. வெளி லூப் ஐ-யை 1 ஆக்கி உள்ளே அனுப்புகிறது. உள் லூப் முடியும்போது ஐ 11. திரும்பி வந்த வெளி லூப், தன் ஐ இன்னும் 1-தான் என்று நம்பியிருக்கிறது. லூப் ஓடும்போது அதன் மாறியை யாரும் மாற்றக்கூடாது என்பது ஃபோர்ட்ரானின் விதி. விதி மீறிய நிரலுக்கு இன்ன விடைதான் வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. சுற்றுகளை முன்கூட்டியே எண்ணிவைக்கும் கம்பைலர் நான்கு சுற்றோடு நிறுத்திவிடும். 'ஐ நான்கைத் தொட்டதா' என்று பார்க்கும் கம்பைலரில் ஐ ஏற்கெனவே நான்கைத் தாண்டிவிட்டதால் லூப் நிற்காது. உள் லூப்பின் எல்லை 10-க்குப் பதில் 3 ஆக இருந்திருந்தால் ஐ நான்கில் வந்து நின்றிருக்கும், வெளி லூப் ஒரே சுற்றில் முடிந்திருக்கும். நிற்காமல் ஓடியது உங்கள் நல்ல நேரம். ஒரே சுற்றில் முடிந்திருந்தால் கவனித்திருப்பீர்களா?

இம்ப்ளிசிட் நன் இங்கே ஏன் உதவவில்லை? அது கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: 'இந்தப் பெயருக்கு எங்கேயாவது அறிவிப்பு இருக்கிறதா?' ஐ-க்கு இருக்கிறது, மாட்யூலின் மேலே. அத்தோடு அதன் வேலை முடிந்தது. 'இந்தப் பெயர் நீ நினைக்கும் ஆளா?' என்று அது கேட்பதில்லை. ஊர் பேர் தெரியாத பெயரைத்தான் அது வாசலில் நிறுத்தும். வேறொருவருக்குச் சொந்தமான பெயரை நீங்கள் தவறுதலாக எடுத்தால் அதன் கண்ணுக்குப் படாது.

ஆகவே சலிப்பாக இருந்தாலும் ஐ-யை அந்தந்த சப்ரூட்டீனுக்குள் அறிவியுங்கள். உள்ளே அறிவித்த பெயர் வெளியில் உள்ள அதே பெயரை மறைத்துவிடும். மாட்யூலின் தலையில் உள்ள 'இன்டிஜர் :: ஐ' வரியை அழித்துவிட்டு ஒருமுறை கம்பைல் செய்யுங்கள். அப்போதுதான் இம்ப்ளிசிட் நன் வேலை செய்யத் தொடங்கும், ஐ-யை நம்பியிருந்த ஒவ்வொரு இடத்தையும் வரி எண்ணோடு காட்டிக்கொடுக்கும். ஃபோர்ட்ரான் 2008 முதல் பிளாக் என்ற தொகுதிக்குள் இரண்டு மூன்று வரிகளுக்கு மட்டும் மாறி அறிவிக்கலாம், டூ கன்கரன்ட் எழுதினால் அடைப்புக்குறிக்குள்ளேயே 'இன்டிஜர் :: ஐ = 1:10' என்று கொடுத்துவிடலாம். (பிளாக்குக்குள் இம்ப்ளிசிட் வாக்கியம் எழுத அனுமதி இல்லை. அது வெளியில் உள்ள விதியைத்தான் பின்பற்றும்.) சந்தேகம் இருக்கும் நிரலை ஜிஃபோர்ட்ரானில் எஃப்செக் என்ற தெரிவுக்கு 'டூ' என்ற மதிப்பைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். லூப் மாறியை யாராவது மாற்றினால் ஓட்டத்தின் நடுவிலேயே நிறுத்திச் சொல்லும்.

இதே குடும்பத்தில் இன்னும் நுட்பமான ஒன்று உண்டு. நான் அதில் மூன்று நாள் தொலைத்திருக்கிறேன். பழைய வெப்பக் கடத்தல் நிரல் ஒன்று, எங்கேயும் இம்ப்ளிசிட் நன் இல்லை. ஒரு பெரிய சப்ரூட்டீன், அதன் கன்டெய்ன்ஸுக்குக் கீழே சின்னச் சின்ன உள் சப்ரூட்டீன்கள். அவற்றில் ஒன்று தற்காலிகமாக டி என்ற மாறியைப் பயன்படுத்தியது, அறிவிக்காமல். வெளியே டி என்று எதுவும் இல்லாததால் அது உள் சப்ரூட்டீனின் சொந்த மாறியாக, ரியலாக, ஒழுங்காக இருந்தது. ஒருநாள் நான் மேலே, நூற்றுக்கணக்கான வரிகளுக்கு அப்பால், வெப்பநிலைக்கு டி என்று ஒரு மாறியைச் சேர்த்தேன். அந்த நொடியிலிருந்து கீழே இருந்த டி தன் சொந்த வீட்டை இழந்து மேலே உள்ள டி ஆகிவிட்டது. கீழே ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை. கம்பைலர் எதுவும் சொல்லவில்லை, சொல்வதற்கு அதனிடம் எதுவும் இல்லை. வெப்பநிலை மட்டும் ஒவ்வொரு படியிலும் விசித்திரமான எண்ணுக்குத் தாவிக்கொண்டிருந்தது.

இங்கே விதி என்னவென்றால்: உள் சப்ரூட்டீனில் அறிவிக்காத ஒரு பெயர் வந்தால், கம்பைலர் முதலில் வெளியே அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதுவே இது. இல்லாவிட்டால்தான் எழுத்து விதி உள்ளே வரும். வெளியே அந்தப் பெயர் முறையாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வெளியே எழுத்து விதியால் தானாகப் பிறந்த மாறியாக இருந்தாலும் போதும். இன்னும் ஒரு படி: உள் சப்ரூட்டீனில் 'இம்ப்ளிசிட் இன்டிஜர் (சி)' என்று எழுதி, வெளியே சி என்பது காம்ப்ளெக்ஸாக இருந்தால், உள்ளே வரும் சி எது? வெளியில் உள்ள காம்ப்ளெக்ஸ்தான். இம்ப்ளிசிட் வாக்கியம் பெயரை அறிவிப்பதில்லை, பெயருக்கு வேறு சொந்தக்காரர் இல்லாதபோது வகை கொடுக்க மட்டும்தான் செய்கிறது. சிசி என்று புதுப் பெயர் வந்தால் அது இன்டிஜர் ஆகும்.

அந்த நிரலில் இம்ப்ளிசிட் நன் இருந்திருந்தால் என் டி கதை நடந்திருக்காது. டி-யை உள்ளே அறிவிக்காமல் அன்றைக்கே கம்பைல் ஆகியிருக்காது. உள்ளே அறிவித்த பிறகு வெளியே நூறு டி வந்தாலும் கவலையில்லை. எழுத்துப் பிழையைப் பிடிப்பது இம்ப்ளிசிட் நன்னின் பாதிப் பயன்தான். பெயரை அதன் சொந்த வீட்டிலேயே அறிவிக்கும் பழக்கத்தை அது உண்டாக்குகிறது, நான் அதற்குத்தான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

யூஸ் பக்கத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. மாட்யூலில் அறிவித்த எல்லாமே, வேறு ஏதும் சொல்லாவிட்டால், வெளியே தெரியும். உங்கள் காற்று மாட்யூலில் ஐ இருக்கும்வரை, அதை யூஸ் செய்யும் எந்த நிரலும் ஐ-யைத் தன் லூப்பில் அறிவிக்காமல் பயன்படுத்தலாம், அந்த நிரலில் இம்ப்ளிசிட் நன் இருந்தாலும்கூட. அப்போது அது உங்கள் மாட்யூலின் ஐ. அதனால் நான் மாட்யூல் தொடங்கும்போது இரண்டு வரியைச் சேர்த்தே தட்டுவேன்: இம்ப்ளிசிட் நன், அடுத்த வரியில் பிரைவேட். அதற்குக் கீழே 'பப்ளிக் :: அனைத்தும், டிபி' என்று வெளியே போக வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி விடுவேன். யூஸ் செய்யும் இடத்தில் 'யூஸ் காற்று, ஒன்லி : அனைத்தும்' என்று எழுதுவேன். பெயர் மோதினால் 'என்னனைத்தும் => அனைத்தும்' என்று புதுப் பெயர் கொடுத்துக்கொள்ளலாம். ஒன்லி எழுதுவது கூடுதல் வேலை என்று சிலர் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு பெயர் எந்த மாட்யூலிலிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

யூஸ் செய்த நிரல் அலகிலேயே அதே பெயரை மறுபடி அறிவித்தால் கம்பைலர் பிழை சொல்லும். அதற்குள் இருக்கும் சப்ரூட்டீனில் அறிவித்தால் பேசாமல் மறைக்கும். இரண்டு மாட்யூல்கள் ஒரே பெயரைக் கொடுத்தால், அந்தப் பெயரை நீங்கள் பயன்படுத்தாதவரை பிழையில்லை. ஃபோர்ட்ரான் 2018-இல் இம்போர்ட் வாக்கியத்தை உள் சப்ரூட்டீன்களுக்கும் விரித்திருக்கிறார்கள்: 'இம்போர்ட், நன்' என்றால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது, 'இம்போர்ட், ஒன்லி : டிபி' என்றால் அது ஒன்று மட்டும். என் டி கதைக்கு நேரடி மருந்து இதுதான். உங்கள் கம்பைலர் பதிப்பு இதை ஏற்கிறதா என்று ஒரு சின்ன நிரலில் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

அதே 2018 கொடுத்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 'இம்ப்ளிசிட் நன் (டைப், எக்ஸ்டர்னல்)'. சாதாரண இம்ப்ளிசிட் நன் வகையை மட்டும் கேட்கும். சப்ரூட்டீனுக்கு வகை கிடையாது, அதனால் 'கால் ஒருவரிசய்()' என்று தப்பாக எழுதினால் கம்பைலர் அதை வெளியே எங்கோ இருக்கும் சப்ரூட்டீன் என்று எடுத்துக்கொண்டு தாண்டிவிடும், லிங்க் செய்யும்போதுதான் 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வரும். அணியை அறிவிக்கும்போது அளவை மறந்தாலும் இதே செய்திதான். 'ரியல் :: டெம்ப்' என்று மட்டும் எழுதிவிட்டுப் பின்னால் ஒரு கணக்கில் டெம்ப்(3) என்று படித்தால், அடைப்புக்குறியைப் பார்த்த கம்பைலர் டெம்ப் ஒரு வெளி ஃபங்ஷன் என்று முடிவு செய்கிறது. அணியை அறிவித்த நமக்கு அந்த லிங்க் பிழை தலைகால் புரியாது. எக்ஸ்டர்னலையும் சேர்த்து எழுதினால் இரண்டும் கம்பைல் செய்யும்போதே, சரியான வரியில் பிடிபடும்.

கடைசியாக, சீனியரின் பழைய நிரல். எடுத்த எடுப்பில் எல்லாக் கோப்பிலும் இம்ப்ளிசிட் நன் போட்டு, வரும் பிழைகளை ரியல் என்றும் இன்டிஜர் என்றும் அறிவித்து அடைத்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு சப்ரூட்டீனின் தலையையும் பாருங்கள். பெரும்பாலும் இந்த வரி இருக்கும்:

    இம்ப்ளிசிட் ரியல்*8 (ஏ-எச், ஓ-இசட்)

எழுத்து விதியை அப்படியே வைத்துக்கொண்டு, ரியல் பெயர்களை எல்லாம் இரட்டைத் துல்லியம் ஆக்கும் வரி இது. இதை அழித்துவிட்டு மாறிகளை வெறும் ரியலாக அறிவித்தால் எல்லாம் ஒழுங்காக கம்பைல் ஆகும், ஓடும். துல்லியம் மட்டும் பதினைந்து இலக்கத்திலிருந்து ஏழுக்கு இறங்கியிருக்கும். இன்னும் மோசமானது காமன் தொகுதி, அதாவது பல அலகுகள் பங்கிட்டுக்கொள்ளும் நினைவகப் பகுதி. அதில் மாறிகள் நினைவகத்தில் அடுத்தடுத்து உட்காருவதால், ஒரு சப்ரூட்டீனில் எட்டு பைட்டாகவும் இன்னொன்றில் நான்கு பைட்டாகவும் இருந்தால், பின்னால் உள்ள எல்லா மாறியும் ஒருவர் இருக்கையில் இன்னொருவர் என்று இடம் மாறிவிடும். ஆகவே காமனில் உள்ள பெயர்களை எல்லா அலகுகளிலும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். முடிந்தால் அந்தக் காமனையே ஒரு மாட்யூலின் மாறிகளாக மாற்றிவிடுங்கள்.

வெளி நூலக ஃபங்ஷன்களும் இந்த வரியை நம்பியிருக்கும். வெக்டர், அணிக் கணக்குகளுக்கான பிளாஸ் நூலகத்தின் பெயர்களைப் பாருங்கள்: ஐடாமேக்ஸ் ஒரு அணியில், கூட்டல் கழித்தல் குறியை விட்டுவிட்டுப் பார்த்தால் மிகப் பெரிய உறுப்பின் இடத்தைத் தரும், முழு எண், அதனால் 'ஐ' எழுத்தில் தொடங்குகிறது. டிடாட் இரட்டைத் துல்லியப் பெருக்குத்தொகை, 'டி' எழுத்தில் தொடங்குகிறது. மேலே சொன்ன வரி இருக்கும்வரை டிடாட் தானாகவே ரியல்*8. அந்த வரியை எடுத்துவிட்டு இம்ப்ளிசிட் நன்னும் போடாமல் இடையில் விட்டால் அது சாதாரண ரியல் என்று கருதப்பட்டு, திரும்பி வரும் மதிப்பு குப்பையாகப் படிக்கப்படும். இம்ப்ளிசிட் நன் போட்டால் டிடாட்டின் வகையை அறிவிக்க அதுவே உங்களைக் கட்டாயப்படுத்தும், அப்போது 'டபுள் பிரிசிஷன், எக்ஸ்டர்னல் :: டிடாட்' என்று எழுதிவிடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் பழைய நிரலை ஓட்டி விடைகளை ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு சப்ரூட்டீன். அதில் இம்ப்ளிசிட் நன் போட்டு கம்பைல் செய்தால், ஜிஃபோர்ட்ரான் ஒவ்வொரு பெயராக 'ஹேஸ் நோ இம்ப்ளிசிட் டைப்' என்று பட்டியல் தரும், புதிய பதிப்புகள் 'இந்தப் பெயரைச் சொல்ல வந்தீர்களா' என்று நெருங்கிய பெயரையும் காட்டும். அந்தப் பட்டியலை முன்பு இருந்த வகையிலேயே, மாற்றமில்லாமல் அறிவியுங்கள். விடை பழைய கோப்போடு கடைசி இலக்கம் வரை ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பட்டியலைப் படிக்கும்போது, நிரலில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரும் பெயர்களைத் தனியே குறித்து வையுங்கள். டெல்டா என்று இருபது இடத்தில் வந்து டெல்ட்டா என்று ஒரே இடத்தில் வந்தால் அது பல வருடமாகச் சத்தமில்லாமல் இருந்த எழுத்துப் பிழை. மதிப்பே கொடுக்காத மாறி, பெரும்பாலும் சுழியாக நடித்துக்கொண்டிருந்திருக்கும். ஆசையாக இருந்தாலும் அதை அங்கேயே திருத்தாதீர்கள். இப்போதைக்கு டெல்ட்டாவையும் ஒரு மாறியாக அறிவித்துவிட்டு நகருங்கள். எல்லாம் மாட்யூலுக்குள் வந்து, விடைகள் ஒத்துப்போன பிறகு, அந்தப் பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, ஒவ்வொன்றாலும் விடை எவ்வளவு நகர்கிறது என்று எழுதி வையுங்கள். சீனியரின் ஆய்வேட்டில் உள்ள எண்கள் பழைய நிரலிலிருந்து வந்தவை. உங்கள் எண்கள் ஏன் வேறுபடுகின்றன என்று வழிகாட்டி கேட்கும் நாளில் அந்தத் தாள் உங்களிடம் இருக்க வேண்டும்.